பூமிக்குள் இருக்கும் கரியும் கைக்கு வரும் கரியும்

இந்தியாவில் நிலக்கரி இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்? மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் எழுகிறது. பலரும் அதற்கு ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டு விடை சொல்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியல்படி 2023 ஏப்ரல் 1 அன்று நாட்டின் நிலக்கரி வளம் சுமார் 37,800 கோடி டன். 2023-24இல் வெட்டியெடுத்தது ஏறக்குறைய 100 கோடி டன். வகுத்தால் 378 வருஷம்.

இந்த விடை தப்பு. தப்பு எங்கே என்று தேடிப்போனால் ஒரு நிலக்கரிச் சுரங்கம் எப்படி இயங்குகிறது என்பது விளங்கிவிடும். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி ரயிலில் போகிற சென்னைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

முதலில், அந்த 37,800 கோடி டன்னை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. வைர முனை பொருத்திய குழாயால் தரையைத் துளைத்து, உருளை உருளையாகப் பாறையை மேலே எடுப்பார்கள். எந்த ஆழத்தில் கரி தொடங்குகிறது, அடுக்கின் தடிமன் என்ன, எரித்தால் எவ்வளவு சாம்பல் மிஞ்சும் என்பதெல்லாம் அதில் தெரியும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே இருப்பது அனுமானம்தான். பொதுவாகத் துளைகளின் இடைவெளி 400 மீட்டருக்குள் இருந்தால் அந்தக் கரியை நிரூபிக்கப்பட்டது என்று எழுதுவார்கள். இடைவெளி கிலோமீட்டர் கணக்கில் கூடக் கூட அது அனுமானம், ஊகம் என்று கீழே இறங்கும். நாட்டின் மொத்தத்தில் நிரூபிக்கப்பட்டது பாதியைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. பட்டியலோ 1,200 மீட்டர் ஆழத்தில் கிடப்பதையும் சேர்த்துக்கொள்கிறது.

டன் கணக்கு வெறும் பெருக்கல். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 10 மீட்டர் தடிமன், கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தால் ஒன்றரைக் கோடி டன். சரி, அதில் எவ்வளவு கைக்கு வரும்? எப்படி வெட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

கரி தரைக்குப் பக்கத்தில் இருந்தால் திறந்தவெளிச் சுரங்கம். பாறையில் துளையிட்டு வெடி வைத்துத் தகர்ப்பார்கள். ராட்சத ஷவல்கள் அள்ளிக் கொடுக்க, நூறு டன் சுமக்கும் டம்பர்கள் ஏற்றிப்போகும். பக்கவாட்டுச் சுவர் சரியாமல் இருக்கப் படிபடியாக இறங்குவார்கள். கரி எடுத்து முடித்த பகுதியில், அடுத்த பகுதியிலிருந்து வரும் மேல்மண்ணை, அதாவது கரிக்கு மேலே கிடந்த மண்ணையும் பாறையையும் கொட்டி நிரப்புவார்கள். இந்த முறையில் அடுக்கின் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். இன்று இந்திய நிலக்கரியில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் கிடைக்கிறது.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு விகிதம்: ஒரு டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் மேல்மண்ணைத் தள்ள வேண்டும்? நம் 10 மீட்டர் அடுக்கு 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் டன்னுக்கு 2 கன மீட்டர். 150 மீட்டரில் இருந்தால் 10. டீசல், வெடிமருந்து, டயர் எல்லாம் ஐந்து மடங்கு. கரி விலை ஏறினால் அந்த ஆழமான அடுக்கும் கட்டுப்படியாக வெட்டக்கூடிய இருப்புக் கணக்கில் சேரும். விலை விழுந்தால் கணக்கை விட்டு வெளியேறும். கரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலில் அடுக்குகள் தடிமனாகவும் தரைக்குப் பக்கத்திலும் இருப்பதால் இந்த விகிதம் சாதகமாக அமைகிறது. அங்கிருந்து ரயிலில் பாரதீப், கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம், பிறகு கன்வேயரில் வடசென்னை அனல்மின் நிலையம் என்று கரி நம்மிடம் வந்து சேர்கிறது. 2001இல் திறந்த அந்தத் துறைமுகமே முதலில் நிலக்கரிக்காகக் கட்டியதுதான். நெய்வேலியில் கிடைப்பது வயதில் மிக இளைய பழுப்பு நிலக்கரி. அதற்குத் தனிப் பட்டியல். அங்கே அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வெட்ட முடியும்.

ஆழம் கூடினால் நிலத்தடிச் சுரங்கம். வகுத்தல் கணக்கு உடைவது இங்கேதான். மேலே நிற்கும் பாறையைத் தாங்க ஏதாவது வேண்டும், அது கரியேதான். அடுக்குக்குள் குறுக்கும் நெடுக்குமாக வழிகளை வெட்டி, நடுவில் சதுரத் தூண்களை விட்டுவிடுவார்கள். வரைபடம் நம் ஊர் மனைப்பிரிவு மாதிரி இருக்கும்: தெருக்கள் வெட்டிய கரி, மனைகள் விட்டுவைத்த கரி. ஆழம் 360 மீட்டரைத் தாண்டி, வழியின் அகலம் 4.8 மீட்டராக இருந்தால், தூண்களின் மையத்துக்கு மையம் 48 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பெருக்கிப் பாருங்கள். 48க்கு 48 கட்டத்தில் தூணின் பக்கம் 43.2 மீட்டர். அதாவது பரப்பில் 81 சதவீதம் தூண். வெட்டியது 19 சதவீதம். ஆழம் குறைந்து 20 மீட்டர் இடைவெளி போதும் என்றால் 42 சதவீதம் கிடைத்திருக்கும். வழியின் உயரம் பொதுவாக 3 மீட்டருக்குள் என்பதால், 10 மீட்டர் அடுக்கில் மேலும் கீழும் இன்னும் கரி தங்கிவிடும்.

கடைசியில் கோடிப்பக்கத்திலிருந்து பின்வாங்கியபடி தூண்களையும் வெட்டுவது உண்டு. பின்னால் கூரை இடிந்து விழும். மேலே தரையும் தாழும். மேலே ஊரோ, ஆறோ, ரயில் பாதையோ இருந்தால் அதற்கும் அனுமதி கிடைப்பது கஷ்டம். நீள்சுவர் முறையில் ஹைட்ராலிக் தாங்கிகளின் நிழலில் ஒரு இயந்திரம் சுவர் நெடுகக் கரியைச் சீவிக்கொண்டு போகும். முக்கால் பங்குவரை எடுக்கலாம். தெலங்கானாவில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனத்தின் அட்ரியாலா சுரங்கம் இப்படி இயங்குவது. ஆனால் முதலீடு பெரிது. அடுக்கில் பிளவுகள் இல்லாமலும் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்காக விடும் கரியும் உண்டு. இதை நஷ்டம் என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கம் சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய பகுதியில் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேர் இறந்தார்கள். பழைய வெட்டுக்கும் புதிய வெட்டுக்கும் நடுவே தொடாமல் விடவேண்டிய கரிச்சுவர், கீழே இறங்கி வேலை செய்பவர்களின் உயிருக்கான இடம்.

இத்தனையும் கழித்து மேலே வந்த டன்னும் முழுக்கக் கரி இல்லை. நம் நிலக்கரி 25 கோடி வருஷங்களுக்கு முன் ஆற்றுப்படுகைகளில் செடியும் சேறும் கலந்து படிந்தது. சேறு கரியோடு நுணுக்கமாகக் கலந்திருப்பதால் கழுவினாலும் எளிதில் போகாது. மின் நிலையத்துக்கு வரும் உள்நாட்டுக் கரியில் நூறு டன் எரித்தால் நாற்பது டன் அளவுக்குச் சாம்பல் நிற்கும். தண்ணீரில் கரைத்து அனுப்பும் அந்தச் சாம்பல் குழம்பு குழாயிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிவருகிறார்கள்.

துளையிட்டு எடுத்த முதல் பாறை உருளையிலேயே சாம்பலின் அளவு எழுதப்பட்டுவிடுகிறது. எந்த அடுக்கை எந்த வருஷம் வெட்டுவது என்பதும் சுரங்கத் திட்டத்தில் இருக்கிறது. எண்ணூருக்கு எத்தனை டன் சாம்பல் வந்து சேரும், எத்தனை டன் சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போக வேண்டும் என்பதை, கரி பூமிக்குள் இருக்கும்போதே கணக்கிட்டு ஏற்பாடு செய்ய முடியும்.