இருட்டில் எடுத்த படம் ஏன் மணல்மணலாகத் தெரிகிறது?

குத்துவிளக்கு வெளிச்சத்தில் அப்பத்தாவைப் படம் எடுத்தேன். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 6400. கேமராவின் சிறு திரையில் அழகாகத்தான் இருந்தது. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னம், சுவர், சேலை எல்லாவற்றிலும் மணல் தூவியது போலப் புள்ளிகள். நடுநடுவே பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள். இந்தப் புள்ளிகளுக்கும் திட்டுகளுக்கும் நாய்ஸ் என்று பெயர். மென்பொருளில் நாய்ஸ் குறைக்கும் ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தேன். புள்ளிகள் போயின. கூடவே அப்பத்தாவின் முகச் சுருக்கங்களும் போய், மெழுகில் செய்த முகம் போலாகிவிட்டது. அந்தச் சுருக்கங்களுக்காகத்தான் படமே எடுத்திருந்தேன்.

சுருக்கமும் புள்ளியும் மென்பொருளுக்கு ஏன் ஒன்றாகத் தெரிந்தன? முதலில் அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம்.

நாய்ஸ் என்றாலே கேமராவுக்குள் ஒளியை அளக்கும் சென்சாரின் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அதில் பெரும்பங்கு ஒளியிடமிருந்தே வருகிறது. ஒளி, ஃபோட்டான் எனும் தனித்தனித் துகள்களாக வந்து விழுகிறது. செங்கல் பாவிய முற்றத்தில் தூறல் தொடங்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லில் நாலு துளி, பக்கத்துக் கல்லில் ஒன்று, அடுத்ததில் ஒன்றுமே இல்லை. மழை வலுத்தால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நனைந்துவிடும். சென்சாரின் பிக்சல்களும் அந்தக் கற்கள் போலத்தான். சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. வெறும் 1 சதவீதம்; கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம். மணல் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த கொஞ்சம் ஒளியின் அளவீட்டைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது. அப்புறம் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் சிறு பிழைகள், சென்சாரின் சூடு கிளப்பும் எலக்ட்ரான்கள் இவையும் உண்டு. நல்ல வெளிச்சத்தில் இவை அமுங்கிப்போகும்.

நிறத் திட்டுகளுக்குக் காரணம் வேறு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் பெரும்பாலான கேமராக்கள் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணித்துக்கொள்கிறது. ஒரு பிக்சலின் பிழை இப்படிப் பக்கத்துக்கெல்லாம் பரவித் திட்டாகிறது. நல்ல வேளையாக, நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நிற நாய்ஸைத் தாராளமாக மழுப்பலாம், படம் கெடாது. சிக்கல் முழுக்க அந்த மணல் புள்ளிகளில், அதாவது வெளிச்ச நாய்ஸில்தான்.

அதைக் குறைக்க ஆதி வழி, பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுப்பது. புள்ளி கரையும், ஆனால் கண்ணிமையின் ஓரமும் கரையும். 1998-ல் டொமாசி, மண்டுச்சி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பைலேட்டரல் வடிகட்டியை முன்வைத்தார்கள். வெளிச்சத்தில் தன்னோடு ஒத்துப்போகும் பக்கத்துப் பிக்சல்களுக்குத்தான் அதில் மதிப்பு அதிகம். அதனால் சேலைக் கரை போன்ற அழுத்தமான ஓரங்கள் தப்பித்தன. கன்னத்துச் சுருக்கம் தப்பவில்லை. மெல்லிய சுருக்கத்துக்கும் தோலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் 10 சதவீதம், நாய்ஸும் 10 சதவீதம் என்றால், எது எது என்று வடிகட்டி எப்படிப் பிரிக்கும்?

2005-ல் புவாதேஸ், கோல், மொரேல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கொண்டுவந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கோரைப்பாயின் படத்தில் ஒரே பின்னல் நூறு இடங்களில் வரும். பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளைப் படம் முழுக்கத் தேடிச் சராசரி எடுத்தால் பின்னல் நிலைக்கும், நாய்ஸ் மட்டும் கரையும். பாய்க்கும் ஓட்டுக்கூரைக்கும் இது அருமை. முகத்துக்கு அவ்வளவு உதவாது. ஒரு சுருக்கம் போல இன்னொன்று இருப்பதில்லையே.

இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், தெளிவான படத்தையும் அதன் நாய்ஸ் ஏறிய வடிவத்தையும் ஜோடி ஜோடியாகப் பார்த்துப் பயின்றவை. சென்சார் அளந்ததைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் பிரமாதமாக வேலை செய்கின்றன. ஆனால் அழிந்துபோன விவரத்தைத் தாமாக வரைந்தும் விடுகின்றன. தூரத்துப் பெயர்ப்பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் முளைப்பது இதனால்தான். முகத்தில் இதைச் செய்தால் வேறு யாரோ ஒருவரின் தோல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊகிக்காமல் நாய்ஸைக் குறைக்க ஒரே வழி, இன்னும் ஒளி சேர்ப்பது. ஃபோன்களின் இரவுப் பயன்முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. 16 படங்களின் சராசரியில் நாய்ஸ் நாலில் ஒரு பங்காகும். ஆள் அசையாமல் இருக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே படம். சரி என்று ரா ஃபைலுக்கே திரும்பினேன். நிற நாய்ஸை முழுக்க எடுத்தேன். வெளிச்ச நாய்ஸைக் கொஞ்சம்தான் தொட்டேன். 6000 பிக்சல் அகலப் படத்தை 1500-க்குச் சுருக்கினேன். அப்போது 16 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. இங்கும் அதே சராசரிக் கணக்குதான். ஐந்து அங்குல அகலத்தில் அச்சிட்டு வாங்கினேன். சுவரில் லேசாக மணல் இருக்கிறது. கண்ணோரத்தில் மூன்று சுருக்கங்களும் இருக்கின்றன.