பாத்ரூம் நாறினால் ஆசிடைத் தேடாதீர்கள், ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்

மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் சாக்கடை நாற்றம் குப்பென்று முகத்தில் அடிக்கும். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. பாத்ரூம் தரையில் இருக்கிற ஜல்லடைக்குள் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

ஜல்லடைக்குக் கீழே குழாய் நேராக இறங்குவதில்லை. கீழே போய், வளைந்து மேலே ஏறி, அப்புறம்தான் வெளியே போகிறது. அந்த வளைவில் ஏறக்குறைய 5 செ.மீ. உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். இதைத்தான் ப்ளம்பர்கள் ட்ராப் என்கிறார்கள், தரையில் பதித்தது நானி ட்ராப். சாக்கடை வாயுவுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு இந்தத் தண்ணீர்தான். கழிவறைக் கோப்பையில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்பதும் இதற்காகவே. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1775இல் இந்த வளைவோடு சேர்த்துக் கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வரை இதைவிட மலிவான தீர்வு வந்த மாதிரி தெரியவில்லை.

புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் அது படலமாக மிதந்து ஆவியாவதைக் குறைக்கும். நாற்றம் மட்டும்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2003இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் என்ற மூச்சு நோய் பரவியபோது, விசாரித்தவர்கள் கைகாட்டிய காரணங்களில் முக்கியமானது காய்ந்துபோன தரை ட்ராப்கள். ட்ராப் காய்ந்திருக்கும்போது பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், அது கழிவுக் குழாயிலிருந்தே காற்றை உள்ளே இழுக்கும்.

தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லையா? ஜல்லடையைத் தூக்கிப் பாருங்கள். பல வீடுகளில் உள்ளே கழற்றி மாட்டுகிற ஒரு கப் இருக்கும், தண்ணீர் அதைச் சுற்றித்தான் போகும், நாற்றத்தைத் தடுப்பதும் அதுதான். முடி சேர்ந்து தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியதும் யாராவது அதைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பார்கள். தண்ணீர் இப்போது ஜோராக இறங்கும், கூடவே கரப்பானும் ஜோராக ஏறும். கப்பைத் தேடி எடுத்துக் கழுவித் திரும்ப மாட்டுங்கள். வாஷிங் மெஷின் குழாயையோ வாஷ்பேசின் குழாயையோ ட்ராப் இல்லாமல் நேரே கழிவுக் குழாய்க்குள் செருகியிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது சத்தம். டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்துத் தரை ட்ராப் 'களக் களக்' என்றால் சிக்கல் காற்றில் இருக்கிறது. செங்குத்துக் குழாயில் மொத்தமாக விழுகிற தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை அழுத்துகிறது, பின்னால் வெற்றிடம் மாதிரி ஒரு இழுப்பை உண்டாக்குகிறது. மொட்டை மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற வென்ட் பைப் அந்த இழுப்புக்குக் காற்று கொடுக்க வேண்டும். அதன் வாய் சருகாலோ பறவைக் கூட்டாலோ அடைத்திருந்தால், காற்று கிடைக்காத குழாய் பக்கத்து ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையே உறிஞ்சிவிடும். அதனால்தான் தினமும் புழங்குகிற பாத்ரூமும் சில வீடுகளில் நாறுகிறது. வென்ட் சுத்தமாக இருந்தும் சத்தம் வந்தால் மெயின் லைனில் அடைப்பு தொடங்கியிருக்கலாம்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத் தரையை உடைக்க வேண்டியதில்லை. சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு சிங்க்கோடு சரி. எல்லாமே மெதுவென்றால், அதுவும் மேலே தண்ணீர் விட்டால் கீழ்த்தள பாத்ரூமில் பொங்கினால், வெளியே சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேருகிற சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கு அப்பால், தெருப் பக்கமோ செப்டிக் டேங்க் பக்கமோ இருக்கிறது. சேம்பர் காலியாக இருந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில்.

டாய்லெட்டுக்கு வாளிச் சோதனை ஒன்று உண்டு. முக்கால் வாளித் தண்ணீரைக் கோப்பைக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள், ஏற்கெனவே விளிம்பு வரை நிற்கிறது என்றால் மட்டும் வேண்டாம். நம் ஊர் வெஸ்டர்ன் டாய்லெட் பெரும்பாலும் தண்ணீரின் வேகத்தால் தள்ளுகிற வகை. வாளித் தண்ணீர் நன்றாக இழுத்துக்கொண்டு போய், ஃப்ளஷ் மட்டும் சோப்ளாங்கியாக இருந்தால் குழாயில் குறையில்லை. டேங்கில் தண்ணீர் மட்டம் குறைவாக இருக்கும், அல்லது கோப்பை விளிம்புக்கு அடியில் உள்ள துளைகளில் போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும். வாளித் தண்ணீரும் ஏறி நின்று மெல்ல இறங்கினால் அடைப்பேதான்.

அதற்கு முதலில் ரப்பர் பம்ப். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். அதனால் ரப்பர் முழுக்கத் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தான் அழுத்தம் அடைப்புக்குப் போய்ச் சேரும். வாஷ்பேசின் என்றால் மேலே இருக்கிற ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லா விசையும் அந்த வழியாகப் போய்விடும். தள்ளுவதைவிட வெடுக்கென்று இழுப்பதுதான் பல நேரம் அடைப்பைக் கிளப்புகிறது.

ஆசிட் எனக்குப் பிடிக்காது, காரணம் வெறும் வேதியியல். டாய்லெட் கழுவுகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்புக் கறையைக் கரைக்கும். பாத்ரூம் அடைப்போ முடியும், உப்புத் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்த சோப்புப் பிசுக்கும். சிங்க் அடைப்போ எண்ணெய்ப் பசை. இவற்றை அமிலம் தொடுவதே அரிது. காஸ்டிக் சோடா கலந்த தூள் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும், முடியையும் சிதைக்கும், ஆனால் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், தெறித்தால் கண் போய்விடும். அதை ஊற்றிவிட்டு மேலே பம்ப் போடவே கூடாது. ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க, டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைத் தண்ணீரில் கலர் தெரிந்தால் அடி வாஷர் போய்விட்டது.

செப்டிக் டேங்க்தான் காரணம் என்று முடிவானால் லாரியைக் கூப்பிடுங்கள், ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு ஏறினால் முகர்கிற நரம்பையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பித்தான் முதல் ஆள் இறங்குகிறார், அவரைத் தூக்கப் போய் இரண்டாவது ஆளும் விழுகிறார்.