சுரங்கக் குத்தகையில் ட்ரோன் அளவை: விதி 34ஏ யாரைக் கட்டுப்படுத்துகிறது, எதை அளக்கிறது?

ஒரு சுரங்கத்திலிருந்து ஓர் ஆண்டில் எவ்வளவு கனிமம் வெட்டப்பட்டது என்பதற்கு, குத்தகைதாரர் தாக்கல் செய்யும் கணக்கறிக்கையும் கனிமம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கான நடைச்சீட்டுகளுமே நெடுங்காலமாக முதன்மைச் சான்றுகளாக இருந்துவந்தன. குழியின் அளவையே ஆண்டுதோறும் வானிலிருந்து பதிவு செய்யும் கடமையை, கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், 2017-க்கு 2021 நவம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட திருத்தம் விதி 34ஏ வாயிலாகக் கொண்டுவந்தது.

இவ்விதியின்படி, ஆண்டு அகழ்வுத் திட்டம் 10 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் உள்ள குத்தகைதாரரும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பைக் குத்தகையில் வைத்திருப்பவரும், தம் குத்தகைப் பரப்பையும் அதன் எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரையுள்ள நிலத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை ட்ரோன் கொண்டு அளந்து, அப்படங்களை இந்தியச் சுரங்கப் பணியகத்திடம் அளிக்க வேண்டும். இரண்டில் ஒரு நிபந்தனை பொருந்தினாலே கடமை வந்துவிடும். 60 ஹெக்டேர் குத்தகையில் சிறிதளவே வெட்டுகிறோம் என்பது விலக்குக்குக் காரணமாகாது. மற்ற குத்தகைதாரர்கள் உயர் தெளிவுத்திறன் கொண்ட செயற்கைக்கோள் படங்களை அளித்தால் போதும். எல்லைக்கு வெளியேயும் 100 மீட்டர் கேட்கப்பட்டிருப்பதுதான், என் பார்வையில், இந்த விதியின் கூர்மையான பகுதி; குத்தகை எல்லைக்கல்லைத் தாண்டி வெட்டப்பட்டிருந்தாலும், கழிவு கொட்டப்பட்டிருந்தாலும் அதே படத்தில் அது தெரிந்துவிடும்.

ஊர்ப்புறங்களில் அடிக்கடி குழப்பம் எழும் இடம் ஒன்று உண்டு. இவ்விதிகள் பெருங்கனிமங்களுக்கு உரியவை. அரியலூர் மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இவற்றின்கீழ் வரும். கட்டடக் கல், கிராவல், ஆற்றுமணல், கிரானைட் ஆகியவை சிறுகனிமங்கள் என்பதால் அவற்றைப் பெரும்பாலும் மாநில விதிகளே ஆளுகின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இவ்விதிகளுக்கு அப்பாற்பட்டது. ஆகவே, பக்கத்துக் கல்குவாரியில் ட்ரோன் அளவை நடக்கவில்லை என்று விதி 34ஏ-வைச் சுட்டி மனு எழுதினால், அம்மனு நிற்காது.

அளவை நடக்கும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. தரையில் சில புள்ளிகளைக் குறியிட்டு, அவற்றின் இருப்பிடத்தையும் உயரத்தையும் டிஜிபிஎஸ் என்னும் செயற்கைக்கோள் இடங்காணும் கருவியால் துல்லியமாகக் கண்டுகொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் மீது பெரும்பகுதி படியும்படி ட்ரோன் வரிசை வரிசையாகப் பறந்து படமெடுக்கிறது. ஒரே இடம் பல கோணங்களில் பதிவாவதால், மென்பொருள் அவ்விடத்தின் உயரத்தைக் கணித்து, நிலப்பரப்பு முழுவதற்கும் உயர மாதிரி ஒன்றை உருவாக்குகிறது. சென்ற ஆண்டின் மாதிரியிலிருந்து இவ்வாண்டின் மாதிரியைக் கழித்தால், பள்ளமான இடத்தில் வெட்டிய கனஅளவும் மேடான இடத்தில் கொட்டிய கனஅளவும் கிடைக்கின்றன.

ட்ரோன் தருவது கனமீட்டர். அரசுக்குச் சேர வேண்டிய உரிமத்தொகையோ (ராயல்டி), குத்தகைப் பரப்பிலிருந்து அகற்றப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட கனிமத்தின் மீது, பெரும்பாலும் டன் கணக்கில் விதிக்கப்படுகிறது. இந்த இரண்டுக்கும் இடையேதான் தகராறுகள் பிறக்கின்றன. வெட்டப்படாத சுண்ணாம்புப் பாறை ஒரு கனமீட்டருக்குத் தோராயமாக 2.5 டன் எடையிருக்கும். அதையே வெடிவைத்து உடைத்துக் குவித்தால், கற்களுக்கிடையே காற்று புகுந்துவிடுவதால், ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 1.5 டன்தான் வரும். ஒரு லட்சம் கனமீட்டர் என்ற எண்ணைக் குழியின் கணக்காகக் கொள்வதா, குவியலின் கணக்காகக் கொள்வதா என்பதில் மட்டுமே ஒரு லட்சம் டன் வேறுபாடு வந்துவிடுகிறது. குழியிலிருந்து வெளிவந்த மேல்மண்ணையும் கழிவுக்கல்லையும், இன்னும் குத்தகைக்குள்ளேயே குவிந்துகிடக்கும் இருப்பையும் கழித்த பிறகே வெளியே சென்ற கனிமத்தின் அளவை எடைமேடைப் பதிவோடு ஒப்பிட முடியும்.

உயரத்தில் நேரும் பிழையும் சிறியதன்று. தரைப்புள்ளிகளைச் சரியாக நிறுவாததால் 50 ஹெக்டேர் மாதிரி முழுவதும் 5 சென்டிமீட்டர் கீழிறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், யாரும் மண்வெட்டியைத் தொடாமலேயே 25,000 கனமீட்டர் வெட்டப்பட்டதாகக் கணக்கு காட்டும். குழியில் தேங்கிய நீருக்கு அடியில் உள்ள தரையைக் கேமரா காணாது. முட்புதர் மண்டிய கழிவுமேட்டில் அது புதரின் தலையையே தரையாக எடுத்துக்கொள்ளும். குவியலின் அடித்தளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது குவிப்பதற்கு முன்பே அளக்கப்படாவிட்டால், அதையும் ஊகத்தால்தான் நிரப்ப வேண்டியிருக்கும். ஆதலால் இறுதி எண்ணோடு, தரைப்புள்ளிகளின் பட்டியல், அவற்றைச் சோதித்த பிழையளவு, கையாண்ட அடர்த்தி, அந்த அடர்த்தி எங்கே எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றையும் கோப்பில் வைக்காத குத்தகைதாரர், கேள்வி எழும்போது பதிலின்றி நிற்க நேரும். அளவையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே இவற்றை எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

பறப்பதற்கான அனுமதி தனியானது. அது 2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ட்ரோன் விதிகளின்கீழ் வருகிறது. ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும். தொழில்முறையாக இயக்குபவரிடம் தொலைவிமானிச் சான்றிதழ் (தரையிலிருந்து ட்ரோனை இயக்குவதற்கான தகுதிச் சான்று) இருக்க வேண்டும். வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவுக்குள் அந்த வரம்பு 200 அடியாகக் குறைகிறது. மஞ்சள் மண்டலத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் இன்றிப் பறக்கவிடக் கூடாது. குத்தகைப் பரப்பு எந்த மண்டலத்தில் அமைந்திருக்கிறது என்பதை ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். விதி 34ஏ-வின்படி அளவை கட்டாயம் என்பது, அனுமதியின்றிப் பறந்ததற்கு விளக்கமாக ஏற்கப்படாது.