விஎம்மில் நெட்வொர்க் போனால் யாரைக் கூப்பிடுவது?

மறுபடியும் அதே கதை. திருப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய பனியன் கம்பெனி. இருப்பது ஒரே சர்வர். அதில் ஹைப்பர்-வி (ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள், இந்த வகைக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்) போட்டு, அதற்குள் ஒரு விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின், மென்பொருளாலேயே ஆன கணினி) கணக்கு மென்பொருள் ஓடுகிறது. ஒருநாள் காலையில் யாருக்கும் அது திறக்கவில்லை. வழக்கமாக வரும் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சர்வரில் பிரவுசரைத் திறந்து பார்த்தார், நெட் வந்தது. "சர்வருக்கு நெட் வருது, விஎம்முக்கு மட்டும் வரல. அப்ப உள்ள இருக்கிற விண்டோஸ்தான் கரப்ட்" என்று முடிவுகட்டி, எப்போதோ எடுத்து வைத்திருந்த செக்பாயின்ட்டுக்கு (விஎம்மின் அன்றைய நிலையைச் சேமித்த பதிவு) விஎம்மைத் திருப்பிவிட்டார். பழைய செக்பாயின்ட்டை அப்ளை செய்தால் அதற்குப் பிறகு டிஸ்க்கில் எழுதியதெல்லாம் போய்விடும். பில், சரக்கு வரவு, கூலிக் கணக்கு என்று பல வார வேலை போனது. அப்புறமும் நெட்வொர்க் வரவில்லை.

முதல்நாள் ரேக்கைச் சுத்தம் செய்தபோது சர்வரின் பின்னால் இருந்த கேபிளைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது பக்கத்துப் போர்ட்டில், அதாவது வேறொரு நெட்வொர்க் கார்டில், சொருகிவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். ஹைப்பர்-வியின் எக்ஸ்டர்னல் சுவிட்ச் (விஎம்மை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்) குறிப்பிட்ட ஒரு நெட்வொர்க் கார்டோடு கட்டப்பட்டது. கேபிள் வேறு கார்டுக்கு மாறினால், சர்வர் புதிய போர்ட்டில் ஐபி (நெட்வொர்க் முகவரி) வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடும், விஎம் மட்டும் அறுந்து நிற்கும். கேபிளைப் பழைய இடத்தில் சொருகியதும் சரியானது. போன கணக்கு போனதுதான்.

செக்பாயின்ட்டைத் திருப்பும் பெட்டியிலேயே "இப்போதைய நிலைக்கு ஒரு செக்பாயின்ட் எடுத்துவிட்டு அப்ளை செய்" என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் அதையாவது அழுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது "நெட் வருது" என்ற அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்கும்போதுதான். நெட் வருவதை வைத்து விஎம் நெட்வொர்க்கைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. சர்வரில் நெட் வந்தால், சர்வருக்கு ஏதோ ஒரு கார்டு வழியாக வெளியே போக வழி இருக்கிறது என்று அர்த்தம். விஎம் அதே கார்டைத்தான் பயன்படுத்துகிறது என்று யார் சொன்னது? சரி, விஎம்முக்குள்ளேயே நெட் வருகிறது என்றால்? அப்போதும் உள்ளிருந்து வெளியே போக முடிகிறது என்பது மட்டும்தான் தெரியும். வெளியிலிருந்து உள்ளே வர முடியுமா என்பது தனிக் கேள்வி.

கல்லூரி மாணவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். "அண்ணா, விஎம்ல யூடியூப் ஓடுது, ஆனா என் லேப்டாப்ல இருந்து அதுல போட்ட வெப்சைட் வரல" என்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் (இன்னொரு ஹைப்பர்வைசர்) புதிதாக ஒரு விஎம் போட்டால் அது நாட் (NAT) முறையில்தான் தொடங்கும், அதாவது ஹோஸ்ட் கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைந்து வெளியே போகும். உள்ளே ஐபி 10.0.2.15, கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2. இரண்டாவதாக ஒரு விஎம் போட்டாலும் அதே 10.0.2.15தான் கிடைக்கும். உடனே "ஐபி கான்ஃப்ளிக்ட்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கையால் 10.0.2.16 என்று மாற்ற, அப்போதும் ஒன்றையொன்று பார்க்காது. மோதல் எதுவும் இல்லை தம்பி. ஒவ்வொரு விஎம்மும் தனக்கென்று ஒரு தனி NAT-க்குப் பின்னால் இருக்கிறது, அவை இரண்டும் ஒரே வலையிலேயே இல்லை. விஎம்கள் தங்களுக்குள் பேச வேண்டுமானால் 'நாட் நெட்வொர்க்' என்ற வேறு முறை இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து உள்ளே போக, ஹோஸ்ட்-ஒன்லி முறையில் (லேப்டாப்புக்கும் விஎம்முக்கும் மட்டுமான வலை) இரண்டாவது அடாப்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும். பொதுவாக 192.168.56 என்று தொடங்கும் ஐபி வரும். ஒரே ஒரு போர்ட்தான் (இங்கே போர்ட் என்பது கேபிள் துளை அல்ல, வெப்சைட் போன்ற ஒரு சேவைக்கான எண்) வேண்டும் என்றால் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு வருவதை விஎம்முக்குத் திருப்பிவிடுவது. இதற்காக உபுண்டுவை அழித்து மறுபடி போட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

பிங்கும் (ஒரு கணினி பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) அப்படித்தான். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சாதாரணம். அமேசான் கிளவுடில் செக்யூரிட்டி குரூப்பில் (அங்குள்ள ஃபயர்வால் விதிகள்) நாமாக அனுமதிக்காத வரை வெளியிலிருந்து பிங் நுழையாது. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், "செத்துப்போச்சு" என்று போன் வரும். உங்களுக்கு வேண்டிய போர்ட் திறக்கிறதா என்று சோதியுங்கள்.

பாக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால், யாரிடம் போக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். விஎம்முக்கு 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருந்தால் டிஹெச்சிபியிடமிருந்து (ஐபி கொடுக்கும் சேவை) பதிலே வரவில்லை. விர்ச்சுவல் சுவிட்ச் எந்தக் கார்டில் கட்டியிருக்கிறது, கேபிள் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், விண்டோஸ் போடுகிறவர் அல்ல. கேட்வே வரை போய், அதற்கு மேல் போகவில்லையா? ரூட்டரையும் ஃபயர்வாலையும் பார்த்துக்கொள்பவரிடம் போங்கள். ஐபி போட்டால் போகிறது, பெயர் போட்டால் போகவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை).

விஎம்வேர் (இதுவும் ஒரு ஹைப்பர்வைசர்) வைத்திருக்கும் அலுவலகங்களில் இன்னொன்று. ஒரு ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்) ஓடும்போது சரியாக இருக்கும் விஎம், இன்னொரு ஹோஸ்டுக்கு நகர்த்தியதும் ஊமையாகிவிடும். சர்வர் டீமும் நெட்வொர்க் டீமும் மாறிமாறிக் கைகாட்டிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள். முதலில் அந்த இரண்டாவது ஹோஸ்ட் சொருகியிருக்கும் சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள். அந்த விஎம்முக்கு உரிய விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலை) டிரங்க்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு) அனுமதிக்கப்படாமல் இருப்பதுதான் நான் அதிகம் கண்டது. அதைத் திருத்துவது நெட்வொர்க் டீமின் கையில் இருக்கிறது.

குளோன் (அப்படியே நகல்) எடுத்த உபுண்டு சர்வர்கள் இரண்டு ஒரே ஐபியை வாங்குகின்றனவா? மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாற்றியும் அப்படியே இருக்கிறதா? மெஷின்-ஐடி கோப்பும் (அந்த இயந்திரத்துக்கென்று உள்ள அடையாள எண்) சேர்ந்தே குளோன் ஆகியிருக்கும். உபுண்டு சர்வர் டிஹெச்சிபியிடம் தன்னை அந்த ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தைக் காட்டித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. லினக்ஸ் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

கம்பெனிக்காரர்கள் உதவிக்கு வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமேசான் கிளவுடின் இலவச பேசிக் சப்போர்ட்டில் கணக்கு, பில் பற்றி மட்டும்தான் கேட்கலாம், தொழில்நுட்பப் பிரச்சினைக்கு டிக்கெட் போட முடியாது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பர் முதல் எல்லாருக்கும் இலவசம், ஆனால் பிரச்சினை தீர்க்க டிக்கெட் கிடையாது. வியாபாரமே ஒரு விஎம்மை நம்பி இருக்கிறது என்றால், சப்போர்ட் ஒப்பந்தமோ பெயர் தெரிந்த ஓர் இன்ஜினியரோ முன்கூட்டியே வேண்டும்.

யாரைக் கேட்டாலும் முழு விவரத்தோடு கேளுங்கள். எந்த ஹைப்பர்வைசர், எந்தப் பதிப்பு, அடாப்டர் எந்த முறையில் இருக்கிறது, விஎம்மிலும் ஹோஸ்டிலும் ஐபிகான்ஃபிக் (ஐபி விவரம் காட்டும் விண்டோஸ் கட்டளை) என்ன காட்டுகிறது, எதிலிருந்து எதற்குப் போகவில்லை. ஸ்கிரீனை மொபைலில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்தாகக் காப்பி செய்து அனுப்புங்கள். பாஸ்வேர்டு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். நேற்று என்ன மாறியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தப் பனியன் கம்பெனியில் ரேக் துடைத்ததை யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அன்று காலையிலேயே முடிந்திருக்கும்.

காரணம் தெரியும்வரை செக்பாயின்ட், ஸ்னாப்ஷாட் பக்கம் கையே போகக் கூடாது. எதைச் செய்வதானாலும் முதலில் விஎம்மை அணைத்து அதன் டிஸ்க் கோப்புகள் எல்லாவற்றையும் வேறு டிரைவில் காப்பி எடுங்கள். எடுக்காமல் தொடங்கும் ஆளை அனுப்பிவிடுங்கள், வருத்தமே வேண்டாம்.

அவசரத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி, முதலில் வருவதற்குப் போன் போடாதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டுக் காத்திருக்கும் இடம் அது. ரிமோட்டில் வரச் சொல்வதானால் தெரிந்தவரைச் சொல்லுங்கள், முடிகிறவரை ஸ்கிரீன் முன்னால் உட்காருங்கள், பேங்க் சைட் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்கு (சைபர் மோசடி உதவி எண்) போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.