48 இலக்கச் சாவி கையில் இல்லாமல் டிபிஎம் பக்கம் போகாதீர்கள்

மறுபடியும் ஒரு லேப்டாப், மறுபடியும் அதே நீலத் திரை. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கிறது. சாவி எங்கே என்றால், "நான் பிட்லாக்கர் எதுவும் போடவே இல்லையே!" என்பதுதான் பதில். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். நீங்கள் போட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து தொடங்கிய புது லேப்டாப்கள் பலவற்றில், ஹோம் பதிப்பில்கூட, அதன் எளிய வடிவமான 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே ஓடிவிடுகிறது.

டிபிஎம் என்பது இந்தப் பூட்டின் சாவிகளை வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும் என்று கேள்விப்பட்டு, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போகிறார்கள். போவதில் தப்பில்லை. அங்கே 'கிளியர் டிபிஎம்' என்ற வரியைப் பார்த்ததும் தட்டிவிடுவதுதான் வினை. பிரவுசரில் கேஷைத் துடைப்பதுபோல, இதைத் துடைத்தால் சிப் புதுசாக வேலை செய்யும் என்று நினைப்பு. அப்படி இல்லவே இல்லை. கிளியர் என்பது சிப்புக்குள் இருக்கும் சாவிகளை அழிப்பது. டிஸ்க்கின் பூட்டைத் திறப்பதே அந்தச் சாவிதான். அழித்த பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டினாலும் பூட்டு பூட்டுதான். 48 இலக்கம் இல்லாமலே திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். வேகம் கூடும் என்று கிளியர் செய்பவர்களுக்கும் சொல்கிறேன்: கூடாது. உங்கள் விண்டோஸ் பின் நம்பரும் வேலை செய்யாமல் போகும்.

முதலில், டிபிஎம்மை எனேபிள் செய்ய வேண்டிய தேவை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', அதற்குள் 'செக்யூரிட்டி புராசசர் டீடெயில்ஸ்'. ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று இருந்தால் மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸுடன் வந்த புது மாடல்களில் பெரும்பாலும் இது ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இல்லை என்று வந்தாலும், முதலில் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கின் 'டிவைசஸ்' பக்கத்தில் ரெக்கவரி கீ இருக்கும். காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமிக்காதீர்கள். அங்கே இல்லையென்றால், லேப்டாப்பில் முதன்முதலில் யாருடைய கணக்கு போட்டீர்கள் என்று யோசியுங்கள். மகனுடையதாக இருக்கலாம், விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி துறையைக் கேளுங்கள், நீங்களாக எதையும் தொடாதீர்கள்.

இனி பயாஸ். டெல், ஏசர், ஆசஸ் லேப்டாப்களில் ஆன் செய்ததும் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. 'செக்யூரிட்டி' அல்லது 'அட்வான்ஸ்டு' பகுதியில் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்: இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்', லெனோவோவில் 'செக்யூரிட்டி சிப்'. எச்பியில் 'டிபிஎம் டிவைஸ்' என்ற வரி 'ஹிட்டன்' என்றிருந்தால் 'அவைலபிள்' ஆக்குங்கள். எனேபிள் செய்து, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். பக்கத்து வரிகள் எதையும் தொடவேண்டாம். குறிப்பாக, பழைய விண்டோஸ் 'லெகசி' என்ற பழைய பூட் முறையில் நிறுவப்பட்டிருந்தால், டிஸ்க்கை ஜிபிடி என்ற புதுப் பிரிப்பு முறைக்கு மாற்றாமல், பூட் முறையை மட்டும் புதிய யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது.

பயாஸ் அப்டேட் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். ஏஎம்டி மெஷின்கள் சிலவற்றில் அப்டேட் முடிந்ததும் கருப்புத் திரையில், எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்ய 'ஒய்', பழையதை வைத்திருக்க 'என்' என்று கேட்கும். தயவுசெய்து அவசரத்தில் 'ஒய்' தட்டாதீர்கள், 'என்' அழுத்துங்கள். மதர்போர்டு மாற்றக் கொடுக்கும்போதும் சாவி கையில் இருக்கட்டும், புது போர்டுக்கு உங்கள் டிஸ்க் யாரென்றே தெரியாது.

'கிளியர்' தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: லேப்டாப்பை விற்கும்போது. அதுவும் ஃபைல்களை எல்லாம் வெளியே எடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு.