'தோல்விப் பாதுகாப்பு' என்று ஒரு சொல்

மாடல் படகு ஓட்டும் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, தோல்விப் பாதுகாப்பு ஆன்ல தான் இருக்கு. ஆனா ரிமோட்டை அணைச்சதும் படகு முழு வேகத்துல பின்னாடி ஓடுது." அந்தச் சொல் அவருடையதல்ல, பெட்டியோடு வந்த கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் இருந்தது. நான் அதைக் கேட்பது இது நான்காவது முறை.

மூலச்சொல் ஃபெயில்சேஃப் (fail-safe). 1940-களில் ஆங்கிலப் பொறியாளர்களிடம் புழக்கத்துக்கு வந்தது. கருத்து அதைவிடப் பழையது. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் 1869 ரயில் பிரேக்கில் காற்றழுத்தம் ஏறினால்தான் சக்கரம் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-இல் அதைத் தலைகீழாக்கினார்: அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், குழாய் அறுந்தால் தானே பிடித்துக்கொள்ளும். பழுது வரத்தான் போகிறது, வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் தோல்வி எங்கே வந்தது? தேர்தலில் தோற்கலாம், கபடியில் தோற்கலாம். குழாய் யாரிடம் தோற்றது? கணினித் திரையில் 'உள்நுழைவு தோல்வி' என்று எழுதிப் பழகிய கை, கண்ட இடத்திலெல்லாம் தோல்வியை ஒட்டுகிறது. அகராதியில் இரண்டு சொல்லை எடுத்து முடிச்சுப் போட்டால் மொழிபெயர்ப்பு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! தோல்விப் பாதுகாப்பு என்றால் தோல்வியிலிருந்து பாதுகாப்பா, தோல்வியையே பத்திரமாகப் பூட்டி வைப்பதா?

இதே சொல்லுக்கு 'தவறாப் பாதுகாப்பு' என்பது இன்னும் மோசம். தவறவே தவறாது என்று வாக்குக் கொடுக்கிறது. மூலச்சொல்லோ தவறும் என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறது. 'பழுதில் காப்பு' எனக்கே ஒரு காலத்தில் பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது: பழுது + இல், அதாவது பழுதே இல்லாத காப்பு என்றும் பிரிக்கலாம். வாசலில் விரட்டிய பொருள் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது.

ரேடியோ விஷயத்தில் நான் சொல்வது 'தொடர்பறு நிலை'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. ரிமோட்டோடு தொடர்பு அறும்போது ரிசீவர், அதாவது படகுக்குள் இருந்து ரிமோட்டின் கட்டளையை வாங்கும் பெட்டி, போய் நிற்கும் நிலை. நல்லதா கெட்டதா என்று சொல் வாக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் ரிசீவருக்கே அது தெரியாது. சிக்னல் போனால் சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும், சில கட்டளையைக் கடத்தும் மின்துடிப்பையே நிறுத்திவிடும், சில நாம் பதிந்து வைத்த இடத்துக்குப் போகும். பல ரிசீவர்களில் பைண்ட் செய்யும்போது, அதாவது ரிமோட்டையும் ரிசீவரையும் ஒன்றோடொன்று இணைக்கும்போது, ரிமோட்டின் குச்சி எங்கே இருந்ததோ அதுவே பதிவாகிவிடும்.

தம்பி மாட்டிக்கொண்டது அங்கேதான். அவருடையது விமான ரிமோட். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி கீழே கிடந்தால் எஞ்சின் ஓய்வு. ரிவர்ஸ் உள்ள படகின் இ.எஸ்.சி.க்கோ (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 1.5 மில்லிநொடித் துடிப்பு, அதாவது குச்சி நடுவில் இருந்தால்தான் நிறுத்தம். கீழே என்றால் முழு ரிவர்ஸ். 'பாதுகாப்பு' ஆனில் இருக்கிறதே என்று நம்பிக் குச்சியைக் கீழே விட்டே பைண்ட் செய்திருக்கிறார்.

"உன் தொடர்பறு நிலை எங்கே இருக்குன்னு பாரு" என்றேன். குச்சியை நடுவில் வைத்து மறுபடி பைண்ட் செய்தார். படகை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, விசிறியில் எதுவும் படாமல் பார்த்து, ரிமோட்டை அணைத்தார். விசிறி நின்றது.

"சரி அண்ணா, அப்ப சுக்கானுக்கும் தொடர்பறு நிலை வைக்கணுமா?"

வைக்கலாம். பாய்மரப் படகு என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும், அணைக்க அங்கே மோட்டாரே இல்லையே. சுக்கானை ஒரு பக்கம் ஒடித்து வைத்தால், காற்றோடு ஏரியின் மறுகரைக்குப் போகாமல் அங்கேயே சுற்ற வாய்ப்பு அதிகம். தோல்விப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் இந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை.