வணிகப் படிப்பில் வணிகம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரங்களில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிற பலர், வரிக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையை பி.காம். சேர்ப்பதா, பி.பி.ஏ. சேர்ப்பதா என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கையில் வண்ண வண்ணமாக ஒரு கல்லூரிக் கையேடு இருக்கும். அதில் ‘எங்கள் நோக்கம்’ என்று ஒரு பக்கம்: உலகத் தரம், தலைமைப் பண்பு, புத்தாக்கம். கல்லூரியின் பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. பெற்றோர் அதைப் புரட்டிவிட்டு நேரே வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஒரு வணிகக் கல்லூரியின் நோக்கத்தை இப்படித்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 1881-ல் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் 1 லட்சம் டாலர் கொடுத்தார். அதில் பிறந்ததுதான் வார்ட்டன் பள்ளி. பல்கலைக்கழகத்துக்குள் அமைந்து நிலைத்த முதல் வணிகப் பள்ளி. இன்று எம்.பி.ஏ. என்றால் நினைவுக்கு வரும் பெயர் அது. ஆனால், அங்கே எம்.பி.ஏ. வந்தது 1921-ல்தான். முதல் 40 ஆண்டுகள் அது இளநிலை மாணவர்களுக்கான பள்ளி.

ஜோசப் வார்ட்டன் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். 19 வயதில் ஒரு துணி வணிக நிறுவனத்தில் சேர்ந்து கணக்குப் பழகினார். பிறகு துத்தநாகம், நிக்கல், இரும்பு என்று தொழில்களில் இறங்கிப் பெரும் செல்வரானார். கடையில் உட்கார்ந்து தொழில் பழகுவதில் உள்ள குறை அவருக்குத் தெரியும்: கற்றுத்தரும் முதலாளி எப்படியோ, கல்வியும் அப்படி. கணக்குப் பதிவு மட்டும் சொல்லித்தந்த அன்றைய தனியார் ‘வணிகக் கல்லூரி’களும் அவருக்குப் போதுமானவையாகப் படவில்லை. எனவே நன்கொடையுடன் விரிவான ஒரு திட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். நாணயம், வரி, சட்டம், தொழில், கணக்கியல் எல்லாவற்றையும் பொதுக் கல்வியோடு சேர்த்துக் கற்றவர்கள், பொறுப்பான பதவிகளில் இருந்து சமூகத்துக்கு நேர்மையாகப் பணியாற்ற வேண்டும். இல்லையென்றால் தம் சொந்த விவகாரங்களையாவது விவேகமாக நடத்த வேண்டும். பிறரிடமிருந்து பறித்துச் செல்வம் சேர்ப்பது ஒழுக்கக்கேடு, சேவை செய்து ஈட்டுவதே வழி என்றும் கற்பிக்கச் சொன்னார்.

இதே மனிதர் இன்னொரு நிபந்தனையும் வைத்தார். உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரியை ஆதரித்தே பாடம் நடக்க வேண்டும். அதில் தயக்கமே கூடாது. நிக்கலும் இரும்பும் விற்றவருக்கு அந்த வரியால் லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் கொடுப்பவரின் நோக்கமும் பள்ளியின் நோக்கமும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிப்பது தணிக்கை போன்ற வேலைதான்.

அந்தப் பள்ளியின் பின்வரலாறும் அப்படியே இரண்டு முகம் காட்டுகிறது. 1883-ல் வந்து சேர்ந்த எட்மண்ட் ஜேம்ஸ், ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்றவர். அரசியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றை அதன் மையத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1896-ல் கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் நகரின் ஏழாவது வார்டில் கறுப்பின மக்களின் வாழ்நிலையை வீடுவீடாகச் சென்று ஆராய்ந்தபோது, அதற்குப் பொறுப்பேற்றிருந்தது இந்த வணிகப் பள்ளியின் சமூகவியல் பிரிவு. ஆனால் 1915-ல், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசிய பொருளியல் ஆசிரியர் ஸ்காட் நியரிங்கைப் பல்கலைக்கழக அறங்காவலர்கள் வேலையிலிருந்து நீக்கினார்கள். நோக்கம் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் நிதி அளித்த இரு அறிக்கைகள் அமெரிக்க வணிகக் கல்வியை உலுக்கின. இளநிலை வணிகப் படிப்புகள் குறுகிய தொழில் நுணுக்கங்களால் நிரம்பியிருக்கின்றன, பொதுக் கல்வியும் கணிதமும் சமூக அறிவியலும் அதிகமாக வேண்டும் என்பது அவற்றின் குற்றச்சாட்டு. இன்றும் வார்ட்டனில் இளநிலை மாணவர் பெறுவது பொருளியலில் பி.எஸ். பட்டம்.

நம் ஊரும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. பச்சையப்பன் அறக்கட்டளையின் அறங்காவலர்கள் சென்னையில் வணிகப் பள்ளி தொடங்கியது 1886-ல், வார்ட்டனுக்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து. மும்பையின் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி வந்தது 1913-ல்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், எங்களிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்புக்கான அலுவலகப் பயிற்சி) கேட்டு வரும் பிள்ளைகள். டாலி என்ற கணக்கு மென்பொருளில் விரல் பறக்கிறது, ஜி.எஸ்.டி. படிவம் மனப்பாடம். ‘லாபம் வந்திருக்கிறது என்கிறீர்களே, வங்கியில் பணத்தைக் காணோமே?’ என்று ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டால் மட்டும் திகைத்துவிடுகிறார்கள். சரக்கிலும் கடன் பாக்கியிலும் பணம் முடங்கியிருப்பதை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வரவில்லை. கூட்டாண்மைப் பத்திரத்தைக் கொடுத்தால் பங்கு விகிதத்தைத் தேடி எடுத்துவிட்டு, பங்குதாரர் விலகினால் என்ன ஆகும் என்ற பிரிவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். அதை மூன்றே மாதத்தில் நாங்கள் கற்றுத்தந்துவிடுவோம். படித்துப் புரிந்துகொள்வதையும் எழுதுவதையும் எங்களால் அவ்வளவு எளிதில் கற்றுத்தர முடியாது.

ஆகவே கல்லூரிக்குப் போகும்போது கையேட்டை விட்டுவிட்டு, ஆறு பருவங்களுக்கான பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டம், பொருளியல், புள்ளியியல், மொழி எத்தனை தாள்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், போன ஆண்டு இருந்தவர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வேலைவாய்ப்புப் பட்டியலைக் காட்டினால், வேலை கிடைத்தவர்களில் எத்தனை பேர் பி.காம்., எத்தனை பேர் பொறியியல் என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே வளாகத்தில் எல்லாம் நடக்கும் இடங்களில் இரண்டும் கலந்துவிடும்.

பி.பி.ஏ. என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற படிப்புகள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) அமைப்பின் ஒப்புதல் வரம்புக்குள் வந்துவிட்டன. பி.காம். படிப்புக்கு இது பொருந்தாது. அந்த அமைப்பின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரோடு படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.